வெள்ளக்கரி

அக்டோபர் 9, வியாழன்

இந்த டைரி சாயக் கம்பெனிக்காரன் ஓசியில குடுத்தது. மச்சான் என்கிட்டத் தூக்கிப் போட்டாரு. "காலேஜ்ல தான் ஒண்ணும் எழுதல, இதுலயாச்சும் எழுது மாப்ள"ன்னாரு. இன்ஜினியரிங் ரெண்டாவது வருசத்தோட நான் நின்னுட்டதைச் சொந்தக்காரங்க எல்லாரும் சொல்லிக் காட்டியாச்சு. இவரு மட்டும் தான் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. அதனால எழுதறேன்.

நான் இருக்கறது அக்கா வீட்டுல. அக்கா பேரு ரேணுகா. மச்சான் மயில்சாமி, பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில பாய்லர் ஓட்டறாரு. துணிக்குச் சாயம் ஏத்த ஸ்டீம் வேணும், ஸ்டீமுக்குப் பாய்லர் வேணும், பாய்லருக்குக் கரி வேணும். கப்பல்ல வர்ற நிலக்கரி. பதினாலு வருசமா அந்த அடுப்புக் கதவு முன்னாடி நின்னு அள்ளிப் போடறாரு. நான் மூணு மாசமா அவருக்கு ஹெல்பர். பெங்களூர்ல பிரெண்டு ஒருத்தன் டெலிவரி வேலைக்குக் கூப்புட்டுட்டே இருக்கறான். தீபாவளி முடிஞ்சதும் கெளம்பிருவேன்.

இன்னிக்கு மச்சானை நெஞ்சு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். படத்தை லைட்டுல வெச்சுப் பாத்துட்டு டாக்டர் ஒண்ணே ஒண்ணு தான் சொன்னாரு. "கரிய விட்டுருங்க."

அக்கா, "விட்டுருவாருங்க"ன்னுச்சு.

மச்சான்கிட்ட இருக்கறது பாய்லர் சர்ட்டிபிகேட் ஒண்ணு தான். நமக்குத் தெரிஞ்ச பட்டறை எதுக்குப் போனாலும் பாய்லர்ல எரியறது கரி தான்.

அக்டோபர் 11, சனி

மேனேஜர் சிவானந்தம் எல்லாத்தையும் நிக்க வெச்சுப் பேசுனாரு. வெளிநாட்டுல நம்ம துணி எடுக்கறவங்க, கரி எரிச்சுச் சாயம் போட்ட துணி இனிமே வேண்டாங்கறாங்களாம். அதனால கடலக்காத் தோலு, மரத்தூளு எல்லாத்தையும் மெஷின்ல அமுக்கிச் செஞ்ச கட்டைய எரிச்சுப் பாக்கப் போறாங்க. நவம்பர் நடுவுல அவங்க ஆளுங்க பாக்க வருவாங்க. அதுக்குள்ள ஸ்டீம் கொறையாம நின்னு காட்டுச்சுன்னா கரிக்கு முழுக்கு. காட்டலைன்னா பழையபடி தான்.

அந்தக் கட்டைக்கு வெள்ளக்கரின்னு பேராம். கையில வாங்கிப் பாத்தேன், காப்பித்தூள் கலர்ல இருக்கு.

"இதுல எங்கீங்க வெள்ள இருக்கு?"ன்னேன்.

"உன்னை எஞ்சினியருங்கறாங்களே, அது மாதிரி தான்"னாரு மேனேஜர்.

எல்லாரும் சிரிச்சாங்க. மச்சான் சிரிக்கல. கட்டைய மூக்குகிட்ட வெச்சு மோந்து பாத்துட்டே இருந்தாரு.

வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடியே அக்காகிட்டச் சொன்னாரு. "டாக்டர் சொன்னபடி கரிய விடறேன் புள்ள. வேலைய விடல." அக்கா ரெண்டு தாட்டி கேட்டுச்சு, நெசமாவான்னு. இந்த ட்ரையல் தேறுனா மச்சான் தப்பிச்சாரு. அவ்வளவு தான் விசயம்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒரு சின்ன லோடு மூட்டையில வந்துச்சு. பாய்லர் ரூமுக்குள்ளயே அடுக்கி வெச்சு ஓட்டறோம்.

கரி மெதுவாப் புடிக்கும், புடிச்சா நின்னு எரியும். இது பட்டுனு புடிக்குது, பட்டுனு தீந்துருது. கரி போட்டா டீ குடிச்சுட்டு வரலாம். இதப் போட்டா டீயை ஆத்தக்கூட நேரமில்ல. ஒடிசாக்காரன் பிகாஷ் தள்ளுவண்டிய இழுத்து இழுத்து, "அண்ணா, இது ஆடு மாதிரி. எப்பவும் சாப்புடுது"ங்கறான். சாம்பலு பஞ்சு மாதிரி பறக்குது. அது தனித் தலைவலி.

ஆனா பொகை கறுப்பா இல்ல. வெளிய போய் அண்ணாந்து பாத்தேன். பக்கத்துக் காட்டுக்காரரு ஒருத்தரு வேலிகிட்ட நின்னு, "ஏப்பா, பட்டறை லீவா?"ன்னு கேட்டாரு.

மச்சான் கொஞ்சங் கொஞ்சமாப் போடற கணக்கைப் புடிச்சுட்டாரு. ஸ்டீம் பிரஷரு கரியில நின்ன மாதிரியே ஏழு கிலோவுல நிக்குது.

அக்டோபர் 16, வியாழன்

நேத்து மச்சான் இருமாம விடிய விடியத் தூங்குனாராம். அக்கா என்னைத் தனியாக் கூப்புட்டுச் சொல்லுச்சு, பரிட்சை ரிசல்ட் சொல்ற மாதிரி.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. மத்தியானம் பெரிய லோடு வந்துச்சு, ரெண்டு லாரி. கட்டை நனையாம வெக்கக் கூரை செட்டு போடறேன் போடறேன்னு மேனேஜர் சொன்னதோட சரி, கம்பி கூட நடல. கரி கொட்டற யார்டுலயே, கரிய ஒரு ஓரமாத் தள்ளிட்டுக் கொட்டிட்டாங்க. தார்ப்பாய் போட்டு மூடி, மேல கல்லு வெச்சோம். மச்சான் குமியச் சுத்திச் சுத்தி வந்தாரு, புதுசாக் கார் வாங்குனவன் மாதிரி.

"இது தீர்றதுக்குள்ள அவங்க வந்துட்டுப் போயிருவாங்க மாப்ள. அப்புறம் கரிங்கற பேச்சே இல்ல."

"நான் அப்ப பெங்களூர்ல இருப்பேனுங்க."

"நீ கிழிச்சே."

அக்டோபர் 23, வியாழன்

கரி யார்டுல தெனமும் காலையில ஒரு வேலை உண்டு. வந்ததும் பைப்பப் புடிச்சுக் கரிக் குமி மேல தண்ணி அடிக்கணும். அடிச்சாத் தூசி பறக்காது, குமிக்குள்ள சூடேறிப் பத்திக்காது. மச்சான் பதினாலு வருசமாச் செஞ்ச வேலை. இப்ப நான் செய்யறேன். பல்லு வெளக்கற மாதிரி, யோசிக்கறதெல்லாம் கிடையாது.

லீவு முடிஞ்சு இன்னிக்குத் தான் போனோம். நல்ல வெயில். தார்ப்பாய் மேல மழைத்தண்ணி கொளமா நின்னுச்சு. அதைக் கொட்டிட்டு, நானும் பிகாஷும் தார்ப்பாய இழுத்து எடுத்தோம். பிகாஷ் டீ வாங்கப் போயிட்டான். காத்து ஒண்ணு அடிச்சுது. குமியில இருந்து தூளு கெளம்பி மூஞ்சியில அடிச்சுது. மச்சானுக்கு இருமல் வந்துருச்சு. இருமிட்டே கையக் காட்டி, "மாப்ள, பைப்ப எடு"ன்னாரு.

எடுத்தேன். அடிச்சேன். ஓரம் மூலை விடாம அடிச்சேன். எனக்குக் கரி யார்டு, கரி யார்டு தான்.

டீ குடிச்சுட்டு வந்து பாக்கறோம். கட்டைங்க டீல முக்குன வர்க்கி மாதிரி ஊதி, பொளந்து நிக்குது. குமி அப்படியே எறங்கி உக்காந்துருச்சு. ஒண்ணை எடுத்தேன். கையில சேறு தான் இருந்துச்சு. தண்ணி அடி வரைக்கும் எறங்கி, அடியில கெடந்ததும் ஊறிருச்சு.

மச்சான் பின்னாடி வந்து நின்னாரு. அந்தச் சேத்தைத் தொட்டுப் பாத்தாரு. அப்புறம், "நாம இப்ப என்ன பண்ணுனோம்?"னு கேட்டாரு. என்னைப் பாத்துக் கேக்கல.

அக்டோபர் 24, வெள்ளி

மேனேஜர் ரூம்ல விசாரணை.

"யாரு தண்ணி விட்டது?"

"நானுங்க"ன்னாரு மச்சான்.

பைப்பப் புடிச்சது நானு. வாயத் தொறக்கல. அவரு தான எடுக்கச் சொன்னாரு. சொன்னவரு தான் பொறுப்பு, எந்தக் கம்பெனியிலயும் அப்படித் தான்.

"ஏப்பா மயில்சாமி, அப்பளத்தை யாராச்சும் கழுவிப் பொரிப்பாங்களா?"

"பழக்கத்துல ஆயிருச்சுங்க."

"பழக்கமாமா, பழக்கம். இன்னொரு லோடு கேட்டா, மழை போவாம வராதுங்கறான் கட்டை விக்கறவன். வர்றவங்களுக்கு நான் எதைக் காட்டறது?"

"காய வெச்சுத் தர்றனுங்க."

"எப்படியோ பண்ணு. அது வரைக்கும் கரிய ஓட்டு."

மறுபடி கரி. மச்சான் ஒரே நாள்ல அஞ்சு வயசு ஏறுன மாதிரி நடக்கறாரு.

அக்டோபர் 27, திங்கள்

ஷிப்டு முடிஞ்சும் வீட்டுக்குப் போறதில்ல. லாரி நிக்கற சிமென்ட் தளத்துல ஊறுனதை எல்லாம் பரப்பறோம். பொரட்டிப் போடறோம். மேகம் கூடுனா அள்ளி மூடறோம். வெயில் வந்தா மறுபடி பரப்பறோம். நெல்லு காய வெக்கறவன் கூட இத்தனை பாடுபட மாட்டான்.

"விட்டுத் தள்ளுங்க மச்சான், இது ஆவாது"ன்னேன்.

"நான் கெடுத்தேன். நான் தான் சரி பண்ணணும்."

என்னைப் பொரட்டவே விட மாட்டேங்கறாரு. நீ மூடற வேலைய மட்டும் பாருன்னுட்டாரு. எனக்கும் நல்லது தான். இடுப்பு வலி மிச்சம்.

நவம்பர் 1, சனி

குமியோட நடுவுல கையை விட்டா ஆவி அடிக்குது. சாம்பக் கலர்ல பூசணம் புடிச்சிருக்கு, பூனை முடி மாதிரி. நாத்தம் வேற, ஈர சாக்கு நாத்தம். பொரட்டுனா மாவு மாதிரி பொகையாக் கெளம்புது. மச்சான் மூஞ்சியில துண்டு கட்டிட்டு, காஞ்சதைச் சல்லடையில சலிச்சு, முழுசா நிக்கற கட்டைய மட்டும் தனியா எடுத்து வெக்கறாரு. துண்டு இருமல்ல அவுந்துக்கிட்டே இருக்கு.

பெங்களூர்க்காரன் போன் பண்ணுனான். பஸ் டிக்கெட் கெடைக்கலன்னு சொல்லிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மச்சான் மாடிப்படி ஏறறப்ப நடுவுல நிக்கறாரு. செருப்பு வாரு சரி பண்ற மாதிரி குனிஞ்சுக்கறாரு. அவரு போட்டிருந்தது வாரில்லாத செருப்பு.

நவம்பர் 7, வெள்ளி

சாயந்தரமானாக் காச்சல், விடிஞ்சாப் போயிருது. "மழை எனக்கு ஒத்துக்கலைடா"ங்கறாரு. அக்கா இன்னிக்குக் கேட்டுச்சு. "கரிய விட்டுட்டுத் தான அதைப் போய்க் கிண்டறீங்க? அப்புறம் ஏன் ஜாஸ்தியாச்சு?"

"கரியும் ஓட்டறேனே புள்ள."

"ரெண்டும் பாக்கறீங்க. அப்ப ரெண்டும் தான் உள்ள போவுது."

மச்சான் சோத்தப் பெசஞ்சுட்டே இருந்தாரு, திங்கல. நானும் கண்டுக்காம டிவியப் பாத்தேன். டிவி ஆஃப்ல இருந்துச்சுன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது.

நவம்பர் 12, புதன்

வந்துட்டுப் போயிட்டாங்க.

காலையில இருந்தே கூத்து. கேட்டுல பச்சைக் கலர் போர்டு மாட்டுனாங்க. மச்சான் சலிச்சுத் தேத்துன கட்டைங்க ஒரு சின்ன அடுக்கு தான். அதைப் பாய்லர் முன்னாடி கோயில் கொலு மாதிரி அடுக்கி வெச்சோம். யார்டுல இருந்த கரியப் பச்சைத் தார்ப்பாய்ல மூடி, முன்னால ரெண்டு பூந்தொட்டி வெக்கச் சொன்னாரு மேனேஜர். கார் கேட்டுக்குள்ள வர்ற வரைக்கும் கரி. கார் வந்ததும் பிகாஷ் விசில் அடிப்பான், நாங்க கட்டைய அள்ளிப் போடணும். அப்படித் தான் போட்டோம்.

வெள்ளக்காரரு ஒருத்தரு, கூட மெட்ராஸ்ல இருந்து தமிழ் பேசற ஒரு மேடம். ரெண்டு பேரும் ஹெல்மெட். மச்சானுக்குப் புது யூனிபார்ம், மடிப்புக் கூடக் கலையல. "இவர் தான் எங்க சீனியர்"னு மேனேஜர் தோள்ல கைய போட்டாரு. பதினாலு வருசத்துல மொத தாட்டி.

மேடம் நல்ல மாதிரி. மச்சான் கிட்ட வந்து மெதுவாக் கேட்டாங்க. "அண்ணா, கரி இப்பவும் போடறீங்களா?"

நான் கதவுகிட்ட நின்னேன். இப்பச் சொல்லுங்க மச்சான்னு மனசுக்குள்ள சொன்னேன். ஒரே வார்த்தை தான். தார்ப்பாய் அஞ்சடி தள்ளி இருக்கு.

"இல்லீங்க"ன்னாரு.

"இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?"

"நல்லா... மூச்சு... விடறனுங்க."

அவ்வளவு சொல்றதுக்கு ரெண்டு தாட்டி நிறுத்துனாரு. அந்தம்மா மூஞ்சி மாறிப் போச்சு. மேனேஜர் உள்ள பூந்து, "சளி புடிச்சிருக்குங்க, கிளைமேட்டு"ன்னாரு. மேடம் வெள்ளக்காரரு பாஷையில ஏதோ சொன்னாங்க. வெள்ளக்காரரு மச்சானுக்குக் கை குடுத்தாரு. போட்டோ எடுத்தாங்க.

நவம்பர் 13, வியாழன்

சண்டை போட்டேன். வீட்டுல, அக்கா முன்னாடியே.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"ஆமா போடறோம்னு சொன்னா என்னாவும்? துணி எடுக்கறவன் போயிருவான். அவன் போனா, கரிய விடுன்னு சொல்றதுக்கு வேற யாரு இருக்கா? உங்க மேனேஜர் சொல்லுவாரா?"

"உங்க மேனேஜருங்க."

"சரி, நம்ம மேனேஜரு. மழை போவட்டும். காஞ்ச லோடு வரும். செட்டும் போட்ருவாங்க. இந்த லோடு நான் கெடுத்தது தான. அடுத்தது கெடாது."

பேசி முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்கிருச்சு. அக்கா என்னைப் பாத்த பார்வையில நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

மச்சான் லீவு. நான் நேரா மேனேஜர்கிட்டப் போய்க் கேட்டேன், அடுத்த லோடு எப்பங்கன்னு.

"எந்த லோடு?"

"வெள்ளக்கரி லோடுங்க. செட்டும் போடறேன்னீங்களே."

அவரு போன்ல இருந்து தலைய நிமுத்தவே இல்ல. "போட்டோ எடுத்தாச்சு, ஓகேன்னு மெயிலும் வந்தாச்சு. இனி ரெண்டு வருசத்துக்கு ஒருத்தனும் வர மாட்டான். அப்பப் பாத்துக்கலாம்."

"அப்ப அந்த லோடு நனையாம இருந்திருந்தா?"

"நனையாட்டியும் ஒரு மாசத்துல தீந்திருக்கும். அப்புறம் கரி தான். மழைக்காலத்துல காஞ்ச கட்டைக்கு நான் எங்க போறது? நானும் ஸ்டீம் குடுக்கோணும் தம்பி. மேல கேக்கறவங்களுக்குப் பொகைக் கலரெல்லாம் தேவையில்ல."

ஆக, மச்சான் கெடுத்தது ஒண்ணுமே இல்ல. ஏற்கனவே கெட்டதைத் தான் அவரு அத்தனை நாளு காய வெச்சிருக்காரு. இதை அவர்கிட்டச் சொன்னா, நம்மளால தான் போச்சுங்கற பாரம் கொறையும். ஆனா அடுத்த லோடும் போயிரும். எதைச் சொல்றதுன்னு தெரியல. ஒண்ணும் சொல்லல.

நவம்பர் 21, வெள்ளி

காலையில மச்சான் ஒதடு நீலமாப் போச்சு. ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வெச்சிருக்காங்க.

நவம்பர் 23, ஞாயிறு

டாக்டர் சின்னப் பொம்பள, என்னை விடப் பத்து வயசு கூட இருக்கும். ஸ்கேனைக் காட்டுனாங்க. என்ன வேலை, எவ்வளவு வருசம், கடைசியா என்ன பண்ணுனாருன்னு கேட்டாங்க. கரியச் சொன்னேன். அப்புறம் பூசணம் புடிச்ச கட்டையப் பத்திச் சொன்னேன். அவங்க எழுதறதை நிறுத்திட்டு, "அதைக் கையால சலிச்சாரா? எத்தனை நாள்?"னு கேட்டாங்க. கிட்டத்தட்ட ரெண்டு வாரம்னேன்.

"கரி பாதி நுரையீரலத் தின்னுருச்சு. மிச்சத்தை இந்தப் பூசணத் தூசு புடிச்சிருச்சு. கரி மட்டும்னா மெதுவாப் போயிருக்கும்."

"அப்ப ரெண்டுல எது தாங்க நல்லது?"

"எரிக்கறதுக்குக் கேக்கறீங்களா, மூச்சுக்குக் கேக்கறீங்களா?"

அவங்களே மேல சொன்னாங்க.

"எரிக்கறதுக்கு அந்தக் கட்டை தான் நல்லது. நனையாம, கூரைக்குக் கீழ வெச்சு, மெஷினே அள்ளிப் போட்டா அவருக்கும் நல்லது தான். மனுசன் நின்னு கிண்டுனா ரெண்டும் ஒண்ணு தான் தம்பி."

அப்புறம் மச்சானுக்கு இன்னும் எத்தனை நாளுன்னு ஏதோ கணக்கு சொன்னாங்க. நான் சரியாக் கேக்கல. அக்காகிட்டயும் சொல்லணும்னாங்க.

நவம்பர் 26, புதன்

மேனேஜர் போன் பண்ணுனாரு. பாய்லருக்கு ஆள் இல்ல, சர்ட்டிபிகேட் ஆளு வர்ற வரைக்கும் நீயே பாத்துக்கன்னாரு. சரின்னேன். அந்தக் கரிப் பொகையில வேற யாரு நிப்பா.

நவம்பர் 30, ஞாயிறு

பெங்களூர்க்காரன் கூப்புட்டான். எடுக்கல.

டிசம்பர் 4, வியாழன்

மத்தியானம் அக்கா போன்ல இருந்து மச்சான் பேசுனாரு. மாஸ்க்கைத் தூக்கிட்டுப் பேசறாரு போல, வார்த்தைக்கு வார்த்தை காத்து சத்தம்.

"என்ன... எரியுது மாப்ள?"

நான் கரி வண்டிய ஒரு கையில புடிச்சிருந்தேன்.

"கட்டை தானுங்க."

"புது... லோடா?"

"ஆமாங்க. போன வாரம் வந்துச்சு. செட்டு போட்டாச்சு. நல்லாக் காஞ்ச லோடு."

"பொகை?"

"தெரியவே இல்லீங்க."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டுச்சு. சிரிக்கறாருன்னு அப்புறம் தான் புரிஞ்சுது.

"சொன்னேன்ல. கொஞ்சங்... கொஞ்சமாப் போடு. நான் வந்து... பாத்துக்கறேன்."

"வாங்க மச்சான்."

அக்கா போனை வாங்கிட்டு வராண்டாவுக்கு வந்துருச்சு. நடக்கற சத்தம் கேட்டுச்சு. அடிக்கொரலுல அக்கா கேட்டுச்சு. "ஏண்டா அவருகிட்ட அப்படிச் சொன்னே? நேத்துத் தான கரின்னு என்கிட்டச் சொன்னே. வீட்டுக்கு வந்து ஒரு நாள் பட்டறைப் பக்கம் போனாருன்னாத் தெரிஞ்சுராதா?"

"டாக்டர் உன்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

அக்கா, "சொன்னாங்க"ன்னுச்சு.

"அப்ப அவருக்குத் தெரியாதுக்கா"ன்னேன்.

அக்கா போனை வெக்கல. ஸ்டீமு எறங்கிட்டே வந்துச்சு. போனைச் சட்டைப் பையில அப்படியே போட்டுட்டு, அடுப்புக் கதவைத் தொறந்து கரிய அள்ளுனேன்.